நறுமுகையின் காலில் நான்கு கிளைகள்

மாப்பிள்ளை மூன்றடி தள்ளிப் போய் விழுந்தான். விழும்போது கைக்கு அகப்பட்ட மைக் ஸ்டாண்டைப் பிடித்தான். அது நாதஸ்வரக்காரர் மடியில் சாய்ந்து, மண்டபம் முழுக்கக் 'கொய்ங்' என்று அலறியது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட இலையை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். தாலி கட்டி முடிந்ததும் புதுமணத் தம்பதி ஒவ்வொருவர் காலாக விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் சர்வேஷின் முறை வந்தது. அவனும் மனைவி நறுமுகையும் மேடையில் சேர்ந்து நின்றார்கள். மாப்பிள்ளை தருண் குனிந்து அண்ணியின் வலது கணுக்காலைத் தொட்டான். அது செயற்கைக் கால். முழங்காலுக்குக் கீழே கார்பன் தண்டு, தொட்டால் உணரும் தோலுறை, நரம்போடு பேசுகிற ஒரு சின்னப் பெட்டி. அந்த நிமிடம் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கணுக்காலை யாராவது பிடித்தால் உதறு, உதறிவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்.

தரையில் உட்கார்ந்தபடியே தருண் சிரித்தான். "ஆசீர்வாதம் பண்ணுவீங்கன்னு பாத்தா அவுட் பண்ணிட்டீங்களே அண்ணி!"

மண்டபமே சிரித்தது. நறுமுகையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் அவள் தன் வலது முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் சர்வேஷ் கேட்டான்.

"என்ன, இன்னும் தருணை நெனச்சுக்கிட்டு இருக்கியா? அவன் நல்லாத்தான் இருக்கான். ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சான்."

"தருண் இல்லைங்க. காலையில கபடிப் பிராக்டிஸ் முடிச்சு நேரா மண்டபத்துக்கு வந்துட்டேன். காலை மாத்த மறந்துட்டேன். அஞ்சு மணி நேரம் இது களத்துலயே இருந்திருக்கு." பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகளைத் திரும்பிப் பார்த்தாள். "குறிஞ்சி இன்னிக்கு முழுக்க உங்க அம்மா இடுப்புலயே இருந்தா. இல்லன்னா?"

சர்வேஷ் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

குறிஞ்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் அம்மாவின் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்து, கெண்டைக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வாள். கால் அவளை மெல்லத் தூக்கி இறக்கும். அதற்குப் பிறகுதான் பால், பல் தேய்ப்பது எல்லாம்.

நறுமுகை சாலை விபத்தில் காலை இழந்தது ஏழு வருடங்களுக்கு முன்னால். அதற்கு முன்பே அவள் கொடைச்சாரல் மகளிர் அணியின் ரெய்டர். எதிரணிக் களத்துக்குள் மூச்சுப் பிடித்துப் பாடிப் போய், தொட்டுவிட்டு மீண்டு வருவதுதான் அவள் வேலை. புதுக் காலோடு முதலில் நடக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு, மறுபடி ஆட வேண்டும் என்று திண்டுக்கல்லில் செயற்கைக்கால் பட்டறை வைத்திருந்த ஷாஹிதாவிடம் போய் நின்றாள். ஷாஹிதா ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவள். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னது.

"நடக்கிறதுக்குப் பெட்டிக்குள்ள இருக்கிற நிரல், அதான் ப்ரோகிராம், நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. அதுல கை வைக்க வேணாம். அதுலேர்ந்து ஒரு நகல் பிரிச்சு, அதுக்குக் கபடியக் கத்துக் குடுப்போம். கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு நடைக்கே திரும்பிரலாம். இதுக்குப் பேரு கிளை."

அப்படித்தான் 'களம்' பிறந்தது. குறிஞ்சி பிறந்த பிறகு 'வீடு' பிறந்தது. ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு 'வண்டி'. சம்மணம் போட்டு முக்கால் மணி நேரம் மரத்துப்போகாமல் உட்கார்வதற்குப் 'பந்தி'. முட்டியை மூன்று முறை தட்டிப் பெயரைச் சொன்னால் கால் அந்தக் கிளைக்கு மாறிக்கொள்ளும். எந்தக் கிளையில் எதைப் புதிதாகக் கற்றாலும், ஏன் கற்றது என்று அவள் ஒரு வரி குறிப்புச் சொல்ல வேண்டும். கால் அதையும் தேதி போட்டுச் சேமித்துக்கொள்ளும். ஒன்றைக் கற்பது இன்னொன்றைக் கெடுப்பதில்லை. ஐந்து வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது.

தருண் பறந்த காணொளியை ஒரே வாரத்தில் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் மண்டலக் கபடிக் குழுவினரும் இருந்தார்கள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. செயற்கை உறுப்போடு ஆடுகிறவர்களின் உறுப்பில் இனி ஒரே ஒரு நிரல்தான் இருக்கலாம். களத்துக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று மறைத்துவைக்கக் கூடாது. கிளைகள் இருந்தால் ஒன்றாகச் சேர்த்து, மாதக் கடைசிக்குள் முத்திரைக்குக் கொண்டுவர வேண்டும். முத்திரை வைத்த பிறகு நான்கு மாதத் தொடர் முடியும்வரை ஒரு வரி மாறக் கூடாது. அந்த நிரலும் அதன் முழு வரலாறும் பொதுவில் வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம்.

"வீட்டுல காலைக் கழட்டி வச்சுட்டா என்ன?" என்றான் சர்வேஷ்.

"கட்டையை ஊணிக்கிட்டு ஒரு கையால புள்ளையத் தூக்கிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

அவன் நிஜமாகவே முயன்று பார்த்தான். காலை மடக்கிக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு சமையலறையிலிருந்து கூடம்வரை குறிஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான். குறிஞ்சிக்கு ஒரே கொண்டாட்டம். அவனுக்கு அன்று முழுக்க இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தப் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த நாளே நறுமுகை பட்டறைக்குப் போனாள். காலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஷாஹிதா வயரைச் செருகி, திரையைப் பார்த்து விசிலடித்தாள்.

"எழுபத்து மூணு முட்டல்."

"அப்படின்னா?"

"நாலும் ஒரே எடத்துலேர்ந்து பிரிஞ்சுதுங்க. அப்புறம் ஒவ்வொண்ணும் அது பாட்டுக்கு வளந்துருச்சு. வண்டி மட்டும் மாத்துன வரின்னா தொந்தரவு இல்ல, அப்படியே எடுத்துச் சேத்துரலாம். ஒரே வரியை ரெண்டு கிளை ரெண்டு விதமா எழுதி வச்சிருந்தாத்தான் முட்டிக்கும். எது சரின்னு மெஷினுக்குத் தெரியாது. அப்படியே நின்னுக்கிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும். நாமதான் சொல்லணும்."

ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். தரை ஈரமாக இருந்தால் என்ன செய்வது? வீடு மெல்ல நட என்றது, களம் விரலை ஊன்று என்றது. வீட்டை எடுத்துக்கொண்டார்கள். முட்டியை எவ்வளவு நேரம் மடக்கி வைக்கலாம்? பந்தி ஜெயித்தது. இருபத்தெட்டாவது வந்தபோது ஷாஹிதா திரையை நெருங்கிப் படித்தாள்.

"'சர்வேஷ் மிதித்தால் திருப்பி மிதி.' இதென்னடி?"

நறுமுகைக்கு முகம் சிவந்தது. "கல்யாணமான புதுசுல. சும்மா வெளையாட்டுக்கு. அதை அழிச்சுரு."

"அழிக்கக் கூடாது. முழு வரலாறும் வேணும்னு எழுதியிருக்கான். ஊரே படிக்கப் போகுது."

மத்தியானம் பிரியாணி வந்தது. சாப்பிட்டுக்கொண்டே ஐம்பதைத் தாண்டினார்கள். நாலரை மணிக்கு எழுபத்து மூன்றாவது மட்டும் மிச்சம் இருந்தது. ஷாஹிதா அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

கணுக்காலை யாராவது பிடித்தால் — களம்: உதறு. வீடு: அசையாதே.

"இதுல பாதிப் பாதி எடுக்க முடியாது," என்றாள் ஷாஹிதா. "ஏதாவது ஒண்ணு. இல்லன்னா, பிடிக்கிறது யாருன்னு காலுக்குத் தெரியிற மாதிரி ஒரு வழி கண்டுபிடிக்கணும்."

கைகளின் அளவை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை காலை ஷாஹிதா மடிக்கணினியோடு மைதானத்துக்கே வந்துவிட்டாள். அணியின் பெண்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக நறுமுகையின் காலைப் பிடித்தார்கள். பயிற்சியாளர் செபாஸ்தியான் மாஸ்டரும் பிடித்தார். எல்லோரையும் கால் சரியாக உதறியது. கடைசியாக வந்தவள் ஜெசிந்தா. அணியிலேயே குள்ளமானவள், உள்ளங்கை எலுமிச்சம்பழத்தைக்கூடச் சரியாக மூடாது. அவள் பிடித்ததும் கால் ஒரு கணம் யோசித்தது. பிறகு அவளைப் பாதத்தில் ஏந்தி மெல்ல மேலே தூக்கி, மெல்லக் கீழே இறக்கியது. மறுபடி தூக்கியது.

"மாஸ்டர், என்னைய ஊஞ்சல் ஆட்டுது மாஸ்டர்!" என்று ஜெசிந்தா கத்தினாள். பெண்கள் சிரித்து மண்ணில் உருண்டார்கள்.

"ஆக, கை அளவு தேறாது," என்று ஷாஹிதா எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு அவர்கள் வழக்கமான பயிற்சியில் இறங்கினார்கள். ஷாஹிதா கோட்டோரம் உட்கார்ந்து காலிலிருந்து வரும் வரைபடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நறுமுகை ரெய்டு போகும்போதெல்லாம் அதில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது. திரும்பி வந்ததும் நின்றது. ஏதோ திருகு தளர்ந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"முகை, அப்படியே நில்லு. அசையாத."

நறுமுகை எதிர்க்களத்தின் நடுவில் சிலை மாதிரி நின்றாள். வாய் மட்டும் 'கபடி கபடி' என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கம் நிற்கவில்லை.

"இப்பப் பாடுறதை நிறுத்து."

நிறுத்தினாள். கோடு தட்டையானது.

"பாடு."

கோடு நடுங்கியது.

ஷாஹிதா எழுந்து நின்றுவிட்டாள். "ஏய், இது உன் குரலுடி! தொண்டையிலேர்ந்து எலும்பு வழியா இறங்கிக் கால்வரைக்கும் வருது. ரெய்டு போறப்ப நீ பாடிக்கிட்டேதான் இருக்கணும், மூச்சு விட்டா அவுட்டு. வீட்டுல நீ இப்படி விடாம 'கபடி கபடி'ன்னு பாட மாட்ட, பேச்சுன்னா விட்டு விட்டுத்தான் வரும். காலைப் பிடிச்சா, பாட்டு இருக்கான்னு பாரு. இருந்தா உதறு. இல்லன்னா நில்லு. அவ்வளவுதான்!"

அந்த மத்தியானமே அதை நிரலில் சேர்த்துப் பார்த்தார்கள். முந்நூறு முறை பிடித்ததில் ஒருமுறைகூடத் தவறவில்லை. சர்வேஷ் குறிஞ்சியைக் கூட்டி வந்தான். நறுமுகை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குறிஞ்சி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். கால் அவளைத் தூக்கி இறக்கியது.

ஷாஹிதா மட்டும் முழுதாகச் சிரிக்கவில்லை. "ஒரு குறை இருக்கு. பாட்டு இருக்கான்னு கேட்டுட்டுத்தானே உதறும்? அந்தக் கேக்கிற நேரம் தாமதம். கண் சிமிட்டுற நேரத்துல கால் பங்கு."

"காலுக்குக் கால் பங்கா?" என்று நறுமுகை சிரித்தாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "கால் சிமிட்டல்ல பிடி இறுகிரும்மா. அதுக்கப்புறம் உதறி என்ன பிரயோசனம்? அதுவும் இதை ஊருக்கே எழுதிப் போடணுங்கிறாங்க. 'எங்க ரெய்டர் காலை முதல்ல பிடிங்க, கொஞ்ச நேரம் சும்மாதான் இருக்கும்'னு நாமளே நோட்டீஸ் ஒட்டுற மாதிரி ஆயிரும்." குரலைத் தாழ்த்தினார். "நாலு மாசந்தான? வீட்டு வரியை எடுத்துரு. புள்ளைய மாமியார் பாத்துக்கட்டும். மூணு வருசமா ஃபைனல் வாசல்லயே நின்னுட்டு வர்றோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஏழு பெண்களின் மூன்று வருட உழைப்பு அது. மாஸ்டர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் குனிந்து காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எடுக்க முடியாது மாஸ்டர். வேணும்னா என்னைய உக்கார வச்சுருங்க. கோபப்பட மாட்டேன்."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உக்கார வைக்கவா உனக்குப் பதினாலு வருசம் கத்துக் குடுத்தேன்? போட்டு வை முத்திரையை. பாத்துக்கலாம்."

முத்திரை விழுந்தது. நிரல் பொதுவில் போனது. மாஸ்டர் சொன்னதுதான் நடந்தது.

முதல் ஆட்டத்திலேயே எதிரணிப் பெண்கள் வேறு எதையும் பார்க்காமல் அவள் வலது கணுக்காலுக்குப் பாய்ந்தார்கள். கால் கேட்டு முடிப்பதற்குள் பிடி விழுந்திருந்தது. ஆறு ரெய்டில் ஐந்து அவுட். இரண்டாவது ஆட்டத்தில் நான்கில் நான்கு. எதிரணி ரசிகர்கள் அவள் உள்ளே வரும்போதெல்லாம் ஒரு கண்ணைச் சிமிட்டிக் காட்டினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மாஸ்டர் அவளை ரெய்டுக்கே அனுப்பவில்லை. எண்ணிக்கைக்கு ஆள் வேண்டுமென்று பிடிக்கும் வரிசையில், ஓரமாக, இடது மூலையில் நிறுத்தினார்.

அவள் பிடித்துப் பழக்கமே இல்லாதவள். முன்பு தொட்டாலே உதறுகிற காலை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? அதனால் ஏழு பேரில் ஒருத்தியாக அவள் பின்னால் ஒதுங்கியே நின்று பழகியிருந்தாள்.

அன்று வந்த ரெய்டர் வாட்டசாட்டமானவள். நடுவில் இருந்த இரண்டு பேரைத் தள்ளிவிட்டு மூலைப் பக்கம் திரும்பினாள். நறுமுகை கண்ணை மூடிக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டினாள். ரெய்டர் சிரித்தபடியே அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குக் கிளம்பினாள். ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடியில் அவளுடைய கால் நறுமுகையின் வலது காலில் பின்னிக்கொண்டது.

யாரோ காலைப் பிடித்திருக்கிறார்கள். பாட்டு இல்லை, நறுமுகை பாடவில்லை. ஆகவே கால் நின்றது.

நின்றது என்றால், மண்ணில் விரல்களை ஊன்றி, முட்டியைப் பூட்டி, எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் எடையை மாற்றிக் கொடுத்து நின்றது. ரெய்டர் முன்னால் தள்ளினாள், பக்கவாட்டில் திமிறினாள், கடைசியில் குப்புற விழுந்து கையை நீட்டினாள். கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. மூச்சு தீர்ந்தது. நடுவர் விசில் ஊதினார்.

நறுமுகை தன் காலையே வெறித்துப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறந்தபடி நின்றார்.

"அங்கேயே நில்லு!" என்று கத்தினார். "அந்த மூலையை விட்டு நகந்த, கொன்னுருவேன்!"

அதன் பிறகு அந்த மூலை அவளுடையதாகிவிட்டது. ரெய்டுக்கு ஜெசிந்தா போனாள். அவளுடைய சின்னக் கை யார் கண்ணிலும் படாமல் தொட்டுவிட்டு வந்தது. அடுத்த ஒன்பது ஆட்டங்களில் அவர்கள் ஏழில் வென்றார்கள். எதிரணிகளும் நிரலைத் திறந்து படிக்கத்தான் செய்தன. படித்து என்ன செய்ய? காலில் படாமல் ரெய்டு போக வேண்டும். இடது மூலைப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். அப்படி ஒதுங்கினால் வலது மூலையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இறுதி ஆட்டம் பொதிகை அணியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கடைசி ரெய்டு வரும்போது இரண்டு பக்கமும் முப்பத்தொன்று. பொதிகையின் ரெய்டர் வேறு வழியில்லாமல் இடது மூலைக்கே வந்தாள். நறுமுகை பாய்ந்து பிடித்தாள். இருவரும் சாய்ந்தார்கள், கால்கள் பின்னின. ரெய்டரின் நடுவிரல் நடுக்கோட்டுக்கு நான்கு அங்குலத்தில் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தது. நறுமுகைக்கு இடது தோள் பிசகிவிட்டதோ என்று வலித்தது, கை வழுக்கியது, கண்ணில் மண். வலது கால் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

விசில்.

கொண்டாட்டம் முழுதாகத் தொடங்குவதற்குள் பொதிகையின் பயிற்சியாளர் ராஜகனி புகார் எழுதிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார்.

"அது கால் இல்லைங்க, தரையில நட்டு வச்ச கம்பம். பிடிக்கிறதுக்குன்னே திட்டம் போட்டு எழுதியிருக்காங்க. இதுக்குப் பேரு ஆட்டமா?"

புகார் வந்தால் நிரலை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பது விதி. குழுத் தலைவி லூர்துமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மைதானத்தின் பெரிய திரையில் நறுமுகையின் காலுடைய வரலாறு விரிந்தது. நான்காயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவி தேடிக்கொண்டே போனவர், இடையில் ஏதோ ஒன்றில் நின்று, அதையும் மைக்கில் படித்துவிட்டார்.

"'சர்வேஷ் மிதித்தால் திருப்பி மிதி.'"

கூட்டம் வெடித்தது. மூன்றாவது வரிசையில் சர்வேஷ் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். நறுமுகை மண்ணுக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்தாள்.

"மன்னிக்கணும், அது இல்ல," என்று தலைவி மேலும் கீழுமாகத் தேடினார். "ஆங், இதுதான். 'யாராவது காலைப் பிடித்தால், பாட்டு இல்லையென்றால், அசையாதே.' முதல்ல எழுதுன தேதி, ரெண்டரை வருசத்துக்கு முன்னாடி. அப்ப நம்ம விதியே கிடையாது. குறிப்பும் இருக்கு." ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டார். பிறகு நிதானமாக மைக்கில் படித்தார்.

"'குறிஞ்சிக்கு இன்று பத்து மாதம். என் காலைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக எழுந்து நின்றாள். அவள் விடும்வரை அசையக் கூடாது.'"

ராஜகனி கையிலிருந்த தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"யாரு குறிஞ்சி?" என்று கேட்டார்.

நறுமுகை கையை நீட்டினாள். மூன்றாவது வரிசையில், துண்டுக்குள் ஒளிந்திருந்த அப்பாவின் மடியில், முகமெல்லாம் ஆரஞ்சு வண்ணமாக ஒருத்தி குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர் ஏன் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. ஐஸைப் பிடுங்க வருகிறார்களோ என்று அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ராஜகனி புகார்த் தாளை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த வருசம் அந்த மூலைப் பக்கமே வர மாட்டோம், பாத்துக்க," என்று நறுமுகையின் கையைக் குலுக்கினார். பிசகிய தோள்பட்டைக்குக் கட்டுப் போடும்போது, எங்கே நீவினால் வலி குறையும் என்று காட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

தொடர் முடிந்து முத்திரையை உடைத்தார்கள். ஷாஹிதா காலை இரண்டு நாள் பட்டறையில் வைத்திருந்து, சுத்தம் செய்து, திருப்பி அனுப்பினாள்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலையில் நறுமுகை தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு மாடியில் யாரோ பாட்டுப் போட்டார்கள். ஏதோ கோயில் திருவிழாப் பதிவு, தவிலும் நாதஸ்வரமும். இரண்டாவது தோசையைத் திருப்பும்போதுதான் கவனித்தாள். வலது கால் குதிகாலை ஊன்றிக்கொண்டு, பாதத்தால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. சும்மா தட்டவில்லை. இடையில் நிறுத்தி, எதிர்பாராத இடத்தில் இரண்டு தட்டு தட்டி, தவில் வந்து சேரும் இடத்தில் சரியாக வந்து சேர்ந்தது. நறுமுகைக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. தாலாட்டுப் பாடினால் குழந்தை எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுப்பைத் தணித்துவிட்டு ஷாஹிதாவைக் கூப்பிட்டாள்.

"ஏய், என் காலுக்கு என்னமோ ஆயிருச்சுடி. தாளம் போடுது."

"ஓ, அதுவா? திருவாரூர்ப் பக்கம் ஒரு தவில்காரர். அவருக்கும் உன்னை மாதிரியே வலது கால்தான்." ஷாஹிதா வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாள். "பொதுவுல போட்டோம்ல? உன்னோடதை எடுத்து, அவங்கவங்க ஒரு கிளை பிரிச்சு, அவங்களுக்கு வேணுங்கிறதைக் கத்துக் குடுத்திருக்காங்க. அப்புறம் நல்லா வந்ததை எனக்கே திருப்பி அனுப்பி வச்சாங்க, முகை அக்காவுக்கு உதவட்டும்னு. முட்டல் ஒண்ணும் இல்ல. சேத்துட்டேன்."

"எத்தனை பேரு?"

"இதுவரைக்கும் பதினாறு வீடு. பேச்சிப்பாறையில ரப்பர் பால் எடுக்கிற ஒருத்தர், மழையில பாசி மேல வழுக்காம நிக்கக் கத்துக் குடுத்திருக்காரு. சென்னிமலையில தறி மிதிக்கிற ஒரு அக்கா. காலேஜ் பொண்ணு ஒருத்தி, பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு." ஷாஹிதா சிரித்தாள். "ஒண்ணு கவனிச்சேன்டி. களத்தை எடுத்தவங்க ரெண்டே பேரு. மத்த எல்லாரும் உன் வீட்டு வரியத்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

நறுமுகை திரும்பிப் பார்த்தாள். கல்லில் தோசை கருகத் தொடங்கியிருந்தது.

"உன்னைக் கேக்காம சேத்துட்டேன்," என்றாள் ஷாஹிதா, இப்போது மெல்லுவதை நிறுத்திவிட்டு. "வேணாம்னா சொல்லு. இங்கேர்ந்தே எடுத்துருவேன். ஒரு நிமிசம்."

எதிர் மாடியில் தவில் வேகமெடுத்தது. பாதம் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நறுமுகை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இருடி," என்றாள். "பாட்டு முடியட்டும்."